காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

2024 ஜூன் மாதம், மகளின் பிரசவத்துக்குத் துணையாக இருப்பதற்காக, என்னுடைய 63-ஆவது வயதில் முதல் முறையாகத் தனியாக அமெரிக்காவுக்குப் பயணம் செய்தேன். கிளம்புவதற்கு முன் வீட்டுக்கு வந்த உறவினர்கள் பாஸ்போர்ட்டை எங்கே வைக்க வேண்டும், குடியேற்ற அதிகாரி கேட்டால் என்ன சொல்ல வேண்டும், பருப்புப்பொடியை எப்படிக் கட்ட வேண்டும் என்று ஆளுக்கொரு ஆலோசனை சொன்னார்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு விஷயம் தெரியாமல் போனதால் எனக்கு மிகவும் பிரியமான ஒரு பொருளை இழந்தேன், ஏறத்தாழ 26,000 ரூபாய் மருத்துவச் செலவுக்குப் போனது, நிறைமாதக் கர்ப்பிணியான மகளுக்கு உதவப் போன நான் அவளுக்கே ஒன்பது நாட்கள் பாரமாகக் கட்டிலில் கிடந்தேன். இனிமேல் தனியாக விமானம் ஏறப்போகும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் இது பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எனக்கு 2021-இல் சிறுநீரகத்தில் கல் வந்து, கடுமையான வலிக்குப் பிறகு அது தானாகவே வெளியேறியது. மறுபடியும் கல் உருவாகாமல் இருக்க வேண்டுமானால் ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தண்ணீர் இல்லாமல் நான் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை. ஆகவே பயணத்தன்றும், ஒரு லிட்டர் கொள்ளும் என்னுடைய எவர்சில்வர் ஃபிளாஸ்க்கில் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஃபிளாஸ்க்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து 2019-இல் நான் ஓய்வு பெற்றபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் தங்களுக்குள் பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்தது அது. அடிப்பகுதியில் வட்டமாக என் பெயரையும், அந்த ஆண்டையும், "என்றும் உங்கள் மாணவிகள்" என்ற வரியையும் பொறித்திருந்தார்கள். ஐந்து ஆண்டுகளாகத் தினமும் தேய்த்துக் கழுவியதில் பெயரின் முதல் எழுத்து மட்டும் சற்றே மங்கியிருந்தது.

கும்பகோணத்திலிருந்து முந்தைய நாள் மதியமே காரில் கிளம்பி, இரவு பதினொன்றரை மணிக்கு விமான நிலையத்தை அடைந்தோம். விமானம் அதிகாலை மூன்றே முக்காலுக்கு. பெட்டிகளைப் போட்டு, குடியேற்றப் பிரிவைத் தாண்டி, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நான் நின்றபோது மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது. மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நானும் கைப்பையையும் செல்போனையும் ட்ரேயில் வைத்து உருட்டிவிட்டேன். எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போன என் பை மறுபக்கம் வரவில்லை. சீருடை அணிந்த இளைஞர் ஒருவர் அதைத் தனியே எடுத்துத் திறந்து, ஃபிளாஸ்க்கை வெளியே எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. அவர் சொன்னதில் "பானி" என்ற சொல்லும் "காலி" என்ற சொல்லும் மட்டும் எனக்குப் பிடிபட்டன. தண்ணீர் என்று புரிந்தது. காலி என்றால் முடிந்தது, இனி இது உனக்கு இல்லை என்று சொல்கிறார் என நானாகப் பொருள்படுத்திக்கொண்டேன். குடித்துவிடலாம் என்று மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடித்தது. ஒரு லிட்டர் வெந்நீரை அந்த இடத்தில் நின்றுகொண்டு எப்படிக் குடிப்பது? கொட்டுவதற்குக் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தொட்டியோ குழாயோ இல்லை. பின்னால் நீண்ட வரிசை. என்னால் எல்லோருக்கும் தாமதமாகிறது என்ற கூச்சம் ஒரு பக்கம், விமானம் போய்விடுமோ என்ற பயம் மறுபக்கம். மேசைக்குக் கீழே இருந்த பெரிய நீலத் தொட்டியைக் காட்டி, அதில் போட்டுவிடவா என்று கையால் கேட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மூடியை இறுக்கி மூடி, மற்ற பாட்டில்களின் மேல் அதை மெதுவாக வைத்துவிட்டு வந்தேன். நடந்து போகும்போது கண் கலங்கியது. வீட்டுக்கு ஃபோன் செய்து சொல்லக்கூட நா எழவில்லை.

இப்போது எனக்குத் தெரிந்ததை அப்போது யாராவது சொல்லியிருந்தால் அந்த ஃபிளாஸ்க் இன்றும் என் மேசையில் இருந்திருக்கும். தடை செய்யப்பட்டது தண்ணீர்தானே தவிர, பாட்டிலோ ஃபிளாஸ்க்கோ அல்ல. பன்னாட்டு விமானங்களில் கைப்பையில் கொண்டுபோகும் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேற்படாத கொள்கலனில்தான் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான விமான நிலையங்களில் விதி. இங்கே கவனிக்க வேண்டியது, கணக்குக் கொள்கலனின் அளவுக்குத்தான். அரை லிட்டர் பாட்டிலின் அடியில் இரண்டு மடக்குத் தண்ணீர் மட்டுமே இருந்தாலும் அது அனுமதிக்கப்படாது. ஆனால் உள்ளே திரவமே இல்லாத காலி பாட்டிலுக்கு இந்த விதி பொருந்தாது. அரை லிட்டரோ ஒரு லிட்டரோ, காலியாக இருந்தால் கையோடு எடுத்துப் போகலாம். இந்த விதி 2006-இல் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி, குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை நிரப்பி அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கத் திட்டமிட்டிருந்தவர்களை இங்கிலாந்துக் காவல்துறை பிடித்தது. முதலில் எல்லாத் திரவங்களுக்கும் தடை விதித்தார்கள், பிறகு அதே ஆண்டின் பிற்பகுதியில் 100 மில்லி என்ற வரம்போடு தளர்த்தினார்கள். மற்ற நாடுகளும் அதையே பின்பற்றின. எக்ஸ்ரேயில் தண்ணீரையும் வேறு திரவத்தையும் பிரித்தறிவது கடினம் என்பதுதான் காரணம். இந்தக் காரணம் தெரிந்த பிறகு சோதனை செய்பவர்கள்மேல் எனக்கு இருந்த வருத்தம் பெரும்பாலும் போய்விட்டது. இன்னொன்று, சோதனை வரிசையிலிருந்து வெளியே போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பி வரலாமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அதற்கு நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அன்று இரண்டு மணி நேரம் இருந்தது.

உள்ளே போனதும் மாத்திரை போட வேண்டிய நேரமாகிவிட்டது. ஒரு கடையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் 90 ரூபாய்க்கு வாங்கினேன். கழிப்பறைகளுக்குப் பக்கத்தில் சுத்திகரித்த குடிநீர் இலவசமாக வரும் இயந்திரம் இருந்ததை, விமானத்துக்கு அழைப்பு வந்து எழுந்து நடக்கும்போதுதான் பார்த்தேன். அதிலிருந்து சூடான தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. விமானத்தில் கொடுத்த தண்ணீர் சிறிய டம்ளர்களில்தான் வந்தது, ஒரு டம்ளருக்குப் பத்து மடக்குகூட இருக்காது. கையிலிருந்த பாட்டிலில் பாதியை மட்டும் குடித்துவிட்டு, அடுத்த விமானத்துக்கு வேண்டும் என்று மீதியைச் சேமித்து வைத்தேன். பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு வாங்கிய தண்ணீர், ஆகவே இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்பினேன்.

இடையில் விமானம் மாற வேண்டியது வளைகுடா நாடு ஒன்றில். விமானத்திலிருந்து இறங்கி, கூட்டம் போன வழியே போனால், அங்கே மறுபடியும் எக்ஸ்ரே இயந்திரமும் ட்ரேக்களும் இருந்தன. என் பாதி பாட்டிலும் தொட்டிக்குப் போனது. அப்போது எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். நாற்பது வயதிருக்கும், தோளில் தூங்கும் குழந்தை. வரிசை நகரும்போதே தன் பாட்டிலிலிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார், கடைசியாக இருந்த ஒரு மடக்கை அங்கே வைத்திருந்த வாளியில் ஊற்றினார், பாட்டிலைத் தலைகீழாக ஒரு முறை உதறினார், மூடியைத் திறந்தபடியே ட்ரேயில் படுக்க வைத்தார். இயந்திரத்தைத் தாண்டி மறுபக்கம் வந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராகச் சுவரோரம் இருந்த குடிநீர்க் குழாய்க்குப் போய் நிரப்பிக்கொண்டார். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் வெறுங்கையோடு அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனதும் அதே குழாயில் குனிந்து குடிக்க முயன்றேன். வளைந்து மேலே எழும்பும் அந்தத் தாரையில் வாய் வைத்துக் குடித்துப் பழக்கம் இல்லாததால், கையைக் குவித்துப் பிடித்துக் குடித்தேன். பாதிக்கு மேல் புடவையில்தான் வழிந்தது. அங்கே நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு காலி பாட்டில் மட்டும் இருந்திருந்தால் எந்தக் குறையும் இல்லாமல் அந்த நேரம் போயிருக்கும்.

ஒரு பயணத்தில் பாதுகாப்புச் சோதனை ஒரே ஒரு முறைதான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்பதைத்தான் இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விமானம் மாறும் ஊர்களில் பெரும்பாலும் மறு சோதனை உண்டு. நம்மவர்கள் அதிகம் போய்வரும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் முதல் மூன்று முனையங்களிலும் சோதனை விமானம் ஏறும் கேட்டின் வாசலிலேயே நடக்கிறது. நான்காவது முனையத்தில் மட்டும் எல்லோருக்கும் பொதுவான ஒரே இடத்தில் நடக்கிறது. ஆகவே அங்கே கடைவீதிபோல இருக்கும் பகுதியில் சுற்றும்போது பாட்டிலை ஆசையாக நிரப்பிக்கொண்டு கேட்டுக்குப் போனால், அங்கே அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டிவரும். எந்த ஊராக இருந்தாலும், எனக்கும் விமானத்துக்கும் இடையில் இன்னும் ஒரு சோதனை இருக்கிறதா என்று தகவல் மேசையில் கேட்டுவிட்டு நிரப்புவது நல்லது. சோதனைக்கு முன் குடித்துத் தீர்ப்பது, சோதனைக்குப் பின் நிரப்புவது என்ற ஒழுங்கை ஒவ்வொரு சோதனைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இது தெரியாமல் நான் மூன்றாவது முறையும் இழந்தேன். மகள் கையோடு எடுத்து வரச் சொல்லியிருந்த டாலர் நோட்டு ஒன்றை மாற்றி, ஏறத்தாழ 250 ரூபாய் மதிப்புக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினேன். அமெரிக்கா போகும் விமானத்துக்கு மட்டும் கேட்டின் முன்னால் கூடுதலாக ஒரு சோதனை வைத்திருந்தார்கள். மூடிகூடத் திறக்காத அந்த பாட்டிலை அங்கே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. இந்த முறை நான் எதுவும் பேசவில்லை. உள்ளே போனவுடன் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டை வறள, எதற்காக இந்த வயதில் தனியாகக் கிளம்பினோம் என்று நினைத்துக்கொண்டேன். பணம் பெரிதல்ல. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்ற எண்ணம் மனத்தைச் சுருங்கச் செய்துவிடுகிறது. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பேசியவள், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தயங்கினேன்.

அடுத்த விமானம் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். எனக்கு ஜன்னல் ஓர இருக்கை. பக்கத்தில் இருந்த இருவரும் விளக்கு அணைந்ததும் உறங்கிவிட்டார்கள். அவர்களை எழுப்பித்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதால், தாகத்தையும் அடக்கிக்கொண்டேன். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பொதுவாக 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். வியர்வை தெரியாது, ஆனால் உதடும் மூக்கும் காய்ந்துகொண்டே போவதை உணரலாம். சாதாரணமாக நான் குடிக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குகூட அந்த ஒரு நாளில் உள்ளே போயிருக்காது. விமானத்தில் தண்ணீர் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்பதையும், நம் கையில் பாட்டில் இருந்தால் பணிப்பெண்களிடம் கொடுத்து பெரிய பாட்டிலிலிருந்து ஊற்றித் தரச் சொல்லலாம் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, விளக்கை அணைப்பதற்கு முன், எழுந்து பின்பக்கம் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கேட்டால் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் நிரப்பித் தருகிறார்கள். கழிப்பறைக் குழாயில் வருவது விமானத்தின் தொட்டித் தண்ணீர், அதைக் குடிப்பதற்குப் பிடிக்காதீர்கள். கல் பிரச்சினையோ சிறுநீர்த் தொற்றோ இருப்பவர்கள், பணம் கொஞ்சம் கூடுதலாக ஆனாலும், நடைபாதை ஓர இருக்கையை முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். தண்ணீர் குடிப்பதற்கு இணையாக அதுவும் அவசியம்.

மகள் வீட்டை அடைந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் இடுப்பின் வலப்பக்கம் வலி தொடங்கியது. முதலில் பயண அலுப்பு என்று நினைத்தேன். காலை எட்டு மணிக்கு வாந்தியும் குளிரும் சேர்ந்துகொண்டபோது, ஒன்பதாம் மாத வயிற்றோடு மகள்தான் காரை ஓட்டிக்கொண்டு என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். சிறுநீர்ப் பரிசோதனை, ஊசி, மருந்துகள் என்று எல்லாமாக 310 டாலர் ஆனது. பயணக் காப்பீடு எடுத்திருந்தேன், ஆனால் ஏற்கெனவே இருந்த நோய்க்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, மகள் என் முகத்தைப் பார்த்தாள். "ஏம்மா, ஒரு காலி பாட்டில் எடுத்துட்டு வந்திருந்தா போதுமே, நான் சொல்லாம விட்டுட்டேனே" என்று அவள் தன்னைத்தானே நொந்துகொண்டது எனக்கு வலியைவிடப் பெரிதாக இருந்தது. அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றியிருக்காது. அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கு அது கை தானாகச் செய்யும் பழக்கம். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் இதைப் படித்தால், பெற்றோருக்கு அனுப்பும் பட்டியலில் இந்த ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

பேரன் பிறந்து மூன்று வாரம் கழித்து, குழந்தையைப் பார்க்க மகளின் பக்கத்து வீட்டு அம்மா வந்திருந்தார். லக்னோவைச் சேர்ந்தவர். பேச்சுவாக்கில் மகள் ஃபிளாஸ்க் கதையைச் சொல்ல, அந்தக் காவலர் சொன்னது நினைவிருக்கிறதா என்று அவர் கேட்டார். என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்த சொற்களை அப்படியே சொன்னேன்: "காலி கர்கே லாயியே." அவர் உடனே மொழிபெயர்த்தார். காலி செய்து எடுத்து வாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். தூக்கிப் போடச் சொல்லவே இல்லை. காலி என்ற சொல்லுக்குத் தமிழிலும் இந்தியிலும் ஒரே பொருள்தான். வெறுமை என்ற அந்தப் பொருளிலேயே நான் எடுத்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். பயத்தில் நானே அதற்கு வேறு பொருள் கொடுத்து, நானே தொட்டியைக் காட்டி, நானே அதில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த இளைஞர் ஏன் ஒரு கணம் தயங்கி என்னைப் பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சோதனை மேசையில் ஏதாவது புரியவில்லை என்றால் அவசரப்பட்டு எதையும் விட்டுவிடாதீர்கள். "தமிழ்?" என்று ஒரு சொல் கேட்டுப் பாருங்கள். அங்கே தமிழ் தெரிந்த காவலர் ஒருவராவது இருக்கலாம், இல்லாவிட்டாலும் வரிசையில் பின்னால் நிற்பவர் சொல்லிவிடுவார். அவர்களுக்கு ஏற்படும் இரண்டு நிமிடத் தாமதம் ஒன்றும் பெரிதல்ல.

நவம்பரில் திரும்பியபோது எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். அதற்கு முன் ஒரு சிறிய பாடம் பாக்கி இருந்தது. மகள் வாங்கித் தந்த உறிஞ்சு குழல் வைத்த பாட்டிலோடு அங்கேயே ஓர் உள்ளூர் விமானத்தில் போனபோது, வானில் மூடியைத் தட்டித் திறந்ததும் தண்ணீர் தானாகவே குழல் வழியாகப் பீறிட்டு முன் இருக்கையில் தெளித்தது. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறைகிறது. தரையில் மூடிய பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று அப்போது விரிவடைந்து தண்ணீரைக் குழல் வழியே மேலே தள்ளுகிறது. வெளி அழுத்தம் குறைந்தால் வாயுவின் கன அளவு கூடும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்திய பாயில் விதிதான் அது. குழல் பாட்டில் வைத்திருப்பவர்கள், விமானம் மேலே ஏறியதும் முதலில் திருகு மூடியைச் சற்றே தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு குழலைத் திறந்தால் தெளிக்காது. நான் குழல் பாட்டிலை மகளிடமே கொடுத்துவிட்டு, அகன்ற வாயும் சாதாரணத் திருகு மூடியும் உள்ள, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதால் காலி என்பதைப் பார்த்தவுடனே தெரிந்துகொள்கிறார்கள். எவர்சில்வர் ஃபிளாஸ்க்குக்கும் தடை இல்லை, ஆனால் எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது எளிதில் தெரியாததால் எடுத்துத் திறந்து பார்க்க வாய்ப்பு அதிகம். அப்படிக் கொண்டுபோனால் பைக்குள் புதைத்து வைக்காமல், மூடியைக் கழற்றித் தனியாக ட்ரேயில் வைத்துவிடுங்கள்.

அமெரிக்க விமான நிலையத்தில் அந்த பாட்டில் எந்தக் கேள்வியும் இல்லாமல் தாண்டியது. மறுபக்கம் கழிப்பறைகளுக்கு இடையே, பாட்டிலைக் கீழே வைத்தால் தானாகத் தண்ணீர் விழும் இயந்திரம் இருந்தது. நிரப்பிக்கொண்டு பக்கத்திலேயே நின்று அரை பாட்டிலைக் குடித்துவிட்டு மறுபடி நிரப்பினேன். வளைகுடாவில் இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு விமானத்திலேயே மிச்சத்தைக் குடித்து முடித்தேன். ஜூன் மாதம் வெறுங்கையோடு நின்ற அதே வரிசையில், காலி பாட்டிலை மூடி திறந்தபடி ட்ரேயில் படுக்க வைத்தேன். அந்தச் சுவரோரக் குழாயில் அது நிரம்பும் சத்தம் எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. சீரகத் தண்ணீர் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. வறுத்த சீரகத்தைச் சிறு பொட்டலமாகக் கட்டிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே காப்பிக் கடையில் வெந்நீர் கேட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளலாம். நான் கேட்ட இரண்டு கடைகளிலும் காசு வாங்கவில்லை.

சில ஊர்களில் இந்த 100 மில்லி வரம்பு தளர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு அதை நம்பித் தண்ணீரோடு போக வேண்டாம். புது வகை ஸ்கேனர் வைத்த லண்டன் சிட்டி விமான நிலையம் 2023 ஏப்ரலில் இரண்டு லிட்டர் வரை அனுமதித்தது. 2024 ஜூனில், அதாவது நான் பயணம் செய்த அதே மாதத்தில், பிரிட்டன் அரசு அந்தச் சலுகையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் பழைய வரம்பையே திரும்பக் கொண்டுவந்தது, பிறகு சில விமான நிலையங்களில் அது மறுபடியும் தளர்ந்தது. புறப்படும் ஊரில் ஒன்று, மாறும் ஊரில் ஒன்று என்று விதி வேறுபடும்போது, காலி பாட்டில் மட்டுமே எல்லா இடத்திலும் செல்லும். நம் நாட்டுக்குள் பறக்கும் விமானங்களில் பொதுவாகத் தண்ணீர் பாட்டிலை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் பலரும் பன்னாட்டு விமானத்துக்கும் அப்படியே கிளம்பிவிடுகிறோம் என்று நினைக்கிறேன், நானும் சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு முறை தண்ணீரோடு போய்வந்திருந்தேன். கைக்குழந்தைக்கான பாலுக்கும், மருத்துவர் சீட்டோடு கொண்டுபோகும் திரவ மருந்துக்கும் விலக்கு உண்டு, அவற்றை முன்பே எடுத்துக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். ஆனால் உடம்புக்காகத்தான் இந்தத் தண்ணீர் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என நம்பிப் போகாதீர்கள்.

சென்ற மாதம் என் நாத்தனார் தன் மகனைப் பார்க்கத் தனியாகச் சிங்கப்பூருக்குக் கிளம்பினார். கார் ஏறும் நேரத்தில் அந்த அகன்ற வாய் பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஊருக்குக் கிளம்பும்போது வெறும் பாத்திரத்தையா அண்ணி குடுப்பாங்க?" என்றார். புறப்படும் வேளையில் வெறுங்குடம் எதிரே வந்தாலே திரும்பி உட்கார்ந்துவிட்டுப் போகும் வீடு எங்களுடையது. நான் பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பானைத் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வந்தேன். போகும் வழியிலேயே பாதி, விமான நிலைய வாசலில் இறங்கும்போது மீதி, சோதனைக்குள் போகும்போது மூடி திறந்த வெறும் பாட்டில் என்று மூன்று முறை சொல்லி, அவரையும் மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்துத்தான் கார்க் கதவைச் சாத்தினேன்.